அவசரச் சரக்கு ஓட்டத்தில் கையில் நிற்பது எவ்வளவு?

மைலுக்கு எவ்வளவு தருவார்கள்? அமெரிக்காவின் அவசரச் சரக்குத் தொழிலுக்கு வர நினைப்பவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். கேட்கவேண்டிய கேள்விதான். ஆனால் அதற்குக் கிடைக்கும் பதிலை நம்பி வீட்டு வாடகைக்குக் கணக்குப் போட்டுவிடாதீர்கள். மைல் கட்டணம் சரக்கோடு ஓடும் மைலுக்கு மட்டும். இறக்கிய ஊரிலிருந்து அடுத்த லோடு இருக்கும் ஊர்வரை காலியாக ஓடும் மைல் அதில் சேராது. லோடு வராமல் ட்ரக் ஸ்டாப்பில் படுத்துக் கிடக்கும் இரண்டு நாளும் சேராது. இந்த அத்தியாயம் அவ்விரண்டையும் உங்கள் நோட்டுப் புத்தகத்துக்குள் கொண்டுவருவதற்காக எழுதப்பட்டது.

முதலில், இந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். டெட்ராய்ட்டைச் சுற்றியுள்ள கார் தொழிற்சாலைகள் உதிரிபாகங்களைக் கிடங்கில் மாதக்கணக்கில் அடுக்கி வைப்பதில்லை. தேவையானது தேவையான நேரத்துக்கு வந்து சேரும்படி ஏற்பாடு. அதில் ஒரு பெட்டி போல்ட் வராமல் போனாலும் அசெம்பிளி லைன் நின்றுவிடும். லைன் நிற்கும் நஷ்டத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால், அந்த ஒரு பெட்டிக்காகத் தனி வண்டி அமர்த்தும் செலவு தொழிற்சாலைக்குச் சிறு தொகை. வண்டியில் பாதிக்குமேல் இடம் காலியாக இருந்தாலும் முழுக் கட்டணம் கிடைப்பது இதனால்தான். தொழில் மிச்சிகனையும் ஒஹாயோவையும் சுற்றி வளர்ந்ததற்கும் இதுவே காரணம். ஏக்ரனில் வளர்ந்த ராபர்ட்ஸ் எக்ஸ்பிரஸ்தான் பின்னாளில் ஃபெடெக்ஸ் கஸ்டம் கிரிட்டிக்கல் ஆனது. ஒஹாயோவின் பேந்தர் நிறுவனத்தை ஆர்கன்சா பெஸ்ட் 2012இல் 180 மில்லியன் டாலருக்கு வாங்கியது. டொலிடோவும் டெட்ராய்ட்டின் புறநகர்களும் இன்றும் இந்த வண்டிகளுக்குத் தாய்வீடுகள்தாம்.

வருமானம் ஏறி இறங்குவதும் அதே கார் தொழிலால்தான். ஜூலையில் ஆலைகள் அச்சு மாற்றுவதற்காக மூடும், கிறிஸ்துமஸிலிருந்து புத்தாண்டுவரை மூடும். 2019இல் ஜெனரல் மோட்டார்ஸ் வேலைநிறுத்தம் 40 நாள் நீடித்தது. 2021இல் சிப் கிடைக்காமல் ஆலைகள் மாறி மாறி நின்றன. 2023 செப்டம்பர் 15இல் டெட்ராய்ட்டின் மூன்று பெரிய கார் கம்பெனிகளிலும் ஒருசேர வேலைநிறுத்தம் தொடங்கியது. ஆகவே ஒரு நல்ல மாதத்தைப் பன்னிரண்டால் பெருக்கி ஆண்டு வருமானம் என்று எழுதுவது தப்புக் கணக்கு. ஆண்டில் பத்து மாத வருமானத்தில் பன்னிரண்டு மாதச் செலவு நடக்கவேண்டும் என்று திட்டமிடுங்கள். அதிலும் தொழில் ஏறுமுகத்தில் இருக்கும்போது நுழைபவர்கள் கூடுதல் கவனமாக இருக்கவேண்டும். 2020, 2021இல் சரக்குக் கட்டணம் உச்சத்தில் இருந்தபோது வேன் வாங்கி இறங்கியவர்கள் ஏராளம். 2022இல் கட்டணம் சரிந்தது, வேன்களின் எண்ணிக்கை மட்டும் அப்படியே நின்றது. உச்ச விலையில் வாங்கிய வண்டிக்குத் தவணை கட்டிக்கொண்டு, இறங்கிவிட்ட கட்டணத்தில் ஓடுவதைவிடக் கொடுமை இந்தத் தொழிலில் வேறில்லை.

வண்டி வகைக்கு வருவோம். கார்கோ வேன், குறிப்பாக ஸ்ப்ரின்டர் போன்ற உயரக் கூரை வேன், இரண்டு மூன்று பேலட்டும் ஏறக்குறைய 3,000 பவுண்டு எடையும் தாங்கும். வணிக ஓட்டுநர் உரிமம் (சி.டி.எல்.) வேண்டாம், முதலீடு குறைவு. அதனால் கூட்டமும் அங்கேதான், கட்டணம் குறைவதும் அங்கேதான். அடுத்தது ஸ்ட்ரெய்ட் ட்ரக்: கேபினும் பெட்டியும் ஒரே சட்டத்தில் அமைந்த வண்டி, பின்னால் ஸ்லீப்பர், 22 முதல் 24 அடிப் பெட்டி. மொத்த எடை வரம்பு 26,000 பவுண்டுக்குள் இருந்தால் சி.டி.எல். தேவையில்லை, மருத்துவச் சான்று மட்டும் கட்டாயம். அபாயப் பலகை மாட்டவேண்டிய ரசாயனம் ஏற்றுவதானால் எந்த வண்டிக்கும் சி.டி.எல். வேண்டும், ஹாஸ்மேட் (அபாயச் சரக்கு) அனுமதியும் வேண்டும், அதற்குக் கைரேகை கொடுத்துப் பின்னணிச் சோதனையில் தேறவேண்டும். மூன்றாவது, இருவர் மாறி மாறி ஓட்டும் டிராக்டர் ட்ரெய்லர்.

இந்த மூன்றிலும் என் பரிந்துரை ஸ்ட்ரெய்ட் ட்ரக்கும் இருவர் குழுவும்தான். தனி ஆளாக ட்ரக் ஓட்டுபவர் ஒருநாளில் அதிகபட்சம் 11 மணிநேரம் ஓட்டலாம், அதுவும் வேலை தொடங்கிய 14 மணிநேரத்துக்குள். பிறகு 10 மணிநேரம் ஓய்வு கட்டாயம். இருவர் இருந்தால் ஒருவர் படுத்திருக்க மற்றவர் ஓட்ட, சக்கரம் நிற்காது. 1,400 மைல் தூரத்தைத் தனி ஆள் மூன்றாம் நாள்தான் எட்டுவார், குழு ஏறக்குறைய 28 மணிநேரத்தில் எட்டிவிடும். வாடிக்கையாளர் பணம் கொடுப்பது அந்த வித்தியாசத்துக்கு. இந்தத் தொழிலில் கணவன் மனைவி குழுக்கள் நிறைய இருப்பதும் இதனால்தான். வருமானம் ஒரே வீட்டுக்குப் போகிறது, விடுதிச் செலவு இல்லை, முன்பின் தெரியாத ஒருவருடன் மாதக்கணக்கில் சிறு அறையில் வாழும் நெருக்கடியும் இல்லை. ஹாஸ்மேட் அனுமதி, வெப்பநிலை காக்கும் பெட்டி, லிஃப்ட்கேட், ராணுவச் சரக்குக்கான பாதுகாப்புத் தகுதி இவை ஒவ்வொன்றும் உங்கள் திரையில் வரும் லோடு எண்ணிக்கையைக் கூட்டும். மருந்து, ஆய்வகக் கருவி, அருங்காட்சியகப் பொருள் போன்றவற்றை நம்பி ஒப்படைக்கும் வாடிக்கையாளர்கள் கார் கம்பெனிகளின் ஏற்ற இறக்கத்துக்குக் கட்டுப்பட்டவர்கள் அல்ல. இரண்டாம் ஆண்டிலாவது அந்தப் பக்கம் நகரப் பாருங்கள்.

இனி மைல் கணக்கு. டெட்ராய்ட்டில் ஒரு வேன் நிற்கிறது. இரண்டு லோடு வருகின்றன. (எண்கள் கணக்குக்காக எடுத்துக்கொண்டவை, அன்றன்றைய சந்தை விலையை நீங்கள் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.) ஒன்று மயாமிக்கு, 1,400 மைல், மைலுக்கு 1.20 டாலர், மொத்தம் 1,680. மற்றது அட்லாண்டாவுக்கு, 720 மைல், மைலுக்கு 1 டாலர், மொத்தம் 720. புதியவர் கை தானாக மயாமிக்குத்தான் போகும். ஆனால் ஃப்ளோரிடாவுக்குள் போகும் சரக்கு அதிகம், வெளியே வருவது குறைவு. மயாமியில் இறக்கியவர் பெரும்பாலும் 660 மைல் காலியாக அட்லாண்டாவரை ஏறிவரவேண்டியிருக்கும். இப்போது வகுத்துப் பாருங்கள்: 2,060 மைலுக்கு 1,680 டாலர், மைலுக்கு 82 சென்ட். அட்லாண்டா லோடை எடுத்தவர் அடுத்த லோடுக்காக 40 மைல் காலியாக ஓடினார் என்று வைத்துக்கொண்டாலும் 760 மைலுக்கு 720 டாலர், மைலுக்கு 95 சென்ட்.

இதோடு விடக்கூடாது. வேன் ஒரு மைல் ஓட பெட்ரோலுக்கு 20 சென்ட், பராமரிப்புக்கும் டயருக்கும் 10, தேய்மானத்துக்கு 15, ஆக 45 சென்ட் என்று கொள்வோம். மயாமி போனவர் கையில் நிற்பது 753 டாலர், ஆன நேரம் நான்கு நாள். அட்லாண்டா போனவர் கையில் நிற்பது 378 டாலர், ஆன நேரம் ஒன்றரை நாள். இருவரும் கடைசியில் நிற்பது ஒரே ஊரில். மிச்சமிருக்கும் இரண்டரை நாளில் அட்லாண்டாக்காரர் இன்னொரு நடுத்தர லோடு முடித்தால் மயாமிக்காரரை எட்டிவிடுவார், வண்டியிலும் சில நூறு மைல் தேய்மானம் குறையும். லோடு எங்கே போகிறது என்பதைவிட இறக்கியபின் எங்கே நிற்பீர்கள் என்று பார்த்து எடுப்பவர்தான் ஆண்டுக்கடைசியில் மேலே இருப்பார். காலி ஓட்டம் மொத்த மைலில் நான்கில் ஒரு பங்கைத் தாண்டினால் நீங்கள் எடுக்கும் லோடுகளிலோ, காத்திருக்கும் ஊர்களிலோ கோளாறு இருக்கிறது. சில கம்பெனிகள் குறிப்பிட்ட தூரத்துக்கு மேற்பட்ட காலி மைலுக்குச் சிறு தொகை தரும். கேட்காதவர்களுக்கு அதைச் சொல்லமாட்டார்கள். ஏற்றும் இடத்தில் இரண்டு மணிநேரத்துக்கு மேல் காக்கவைத்தால் காத்திருப்புப் பணம் உண்டா என்பதும் அப்படித்தான். வந்த நேரத்தையும் கிளம்பிய நேரத்தையும் ரசீதில் எழுதிக் கையெழுத்து வாங்கியவருக்கே அது கிடைக்கும்.

சொந்த வண்டியின் ஆண்டுக் கணக்கையும் முழுமையாகப் போட்டுப் பார்ப்போம். ஸ்ட்ரெய்ட் ட்ரக், இருவர் குழு, ஆண்டில் ஒரு லட்சம் மைல், அதில் சரக்கோடு 80,000. எரிபொருள் கூடுதல் கட்டணமும் சேர்த்து மைலுக்கு 2.20 டாலர் வந்தால் மொத்த வரவு 1,76,000. கேட்பதற்குப் பெரிய தொகை. காலனுக்கு 10 மைல் ஓடும் வண்டிக்கு டீசல் காலன் 3.80 என்றால் 38,000 டாலர். பராமரிப்பும் டயரும் 15,000. மாதத் தவணை 2,200 வீதம் 26,400. காப்பீடு மாதம் 700 வீதம் 8,400. சுங்கம், பெர்மிட், எடைமேடை, செல்பேசி, சலவை எல்லாம் 4,200. செலவு மொத்தம் 92,000. மிஞ்சுவது 84,000, ஆளுக்கு 42,000, வரிக்கு முன். அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் துறையின் 2024 மே மாதக் கணக்கில் சம்பளத்துக்கு ஓட்டும் கனரக ட்ரக் ஓட்டுநரின் இடைநிலை ஆண்டு ஊதியம் 57,440 டாலர். அதோடு ஒப்பிட்டு, ஆறு வருடம் கழித்துக் கையில் ஒரு வண்டி நிற்கும் என்பதையும் சேர்த்து முடிவெடுங்கள். சொந்த வண்டிக்காரர் எப்போதும் அதிகம் சம்பாதிப்பார் என்பது தவறு. காலி ஓட்டத்தை அடக்கி, தவணை முடிந்தபிறகும் அதே வண்டியை நன்றாக வைத்து ஓட்டுபவர் சம்பாதிப்பார். மேலே உள்ள கணக்கில் தவணை தீர்ந்த ஆண்டு ஆளுக்கு 55,200 வருவதைக் கவனியுங்கள். வண்டி வாங்கும்போதே அந்த ஆண்டைக் குறிவையுங்கள், நான்காம் ஆண்டில் பளபளப்பான புது வண்டிக்குத் தாவாதீர்கள்.

இந்தக் கணக்கில் ஒரு வரி இன்னும் எழுதவில்லை: பெரிய ரிப்பேர். எஞ்சினைப் பிரித்து மறுசீரமைத்தால் 20,000 டாலரைத் தாண்டுவது சகஜம். புகை வடிகட்டி அமைப்பு கோளாறானால் வண்டி நாட்கணக்கில் பட்டறையில் கிடக்கும், வருமானமும் அதோடு நிற்கும். ஓடும் ஒவ்வொரு மைலுக்கும் 10 சென்ட் தனிக் கணக்கில் போடுங்கள். லோடு பணம் வந்த அன்றே போடுங்கள், மாதக்கடைசியில் மிஞ்சியதைப் போடலாம் என்று தள்ளினால் அது மிஞ்சாது.

வண்டி வாங்கப் பணமில்லை, அல்லது துணிவு வரவில்லை என்றால் வண்டி முதலாளி ஒருவரிடம் ஓட்டலாம். இந்தத் தொழிலில் சம்பளத்தைவிடப் பங்குமுறைதான் அதிகம் புழங்குகிறது. வரவில் 40 சதவீதம் ஓட்டுநருக்கு, டீசல் முதலாளி செலவு என்பது ஒரு முறை. 60 சதவீதம் ஓட்டுநருக்கு, டீசல் ஓட்டுநர் செலவு என்பது மற்றொன்று. மேலே உள்ள அதே வண்டியில் முதல் முறையில் குழுவுக்கு 70,400 டாலர், இரண்டாம் முறையில் டீசல் போக 67,600. ஏறக்குறைய ஒன்றுதானே என்று தோன்றும். டீசல் 5 டாலர் ஆகட்டும்: இரண்டாம் முறைக்காரர் கையில் 55,600தான். டீசல் விலை ஏறினால் கம்பெனி தரும் எரிபொருள் கூடுதல் கட்டணம் யாருக்குப் போகும் என்பதை எழுத்தில் வாங்காமல் 60க்குச் சம்மதிக்காதீர்கள். முதல் ஓராண்டு பிறர் வண்டியை ஓட்டிப் பார்ப்பது எல்லோருக்குமே நல்லது. எந்த ஊரில் லோடு கிடைக்கும், எந்த டிஸ்பாட்சர் வார்த்தை தவறமாட்டார், உங்கள் உடம்பு இரவு ஓட்டத்தைத் தாங்குமா என்பதெல்லாம் முதலாளியின் தவணையில் நீங்கள் கற்றுக்கொள்ளும் பாடங்கள்.

கம்பெனியே உங்களுக்கு வண்டியைத் தவணைக்குத் தந்து, அதே கம்பெனிக்கு ஓட்டச் சொல்லும் லீஸ் பர்ச்சேஸ் திட்டத்தை விட்டு விலகி நில்லுங்கள். லோடு கொடுப்பவரும் தவணை பிடிப்பவரும் ஒருவரே என்றால் லோடு குறையும் வாரத்தில் உங்களுக்குப் போக்கிடமில்லை. இத்திட்டங்களை ஆராய மத்திய அரசு அமைத்த குழு 2025 ஜனவரியில் தந்த அறிக்கையில் இவற்றைத் தடைசெய்யும்படியே பரிந்துரைத்தது.

வரியில் பலர் பணத்தைக் கோட்டை விடுகிறார்கள். நீங்கள் சுயதொழில் செய்பவர், யாரும் வரி பிடித்துவிட்டுத் தரமாட்டார்கள். வருமான வரிக்கு மேல் சுயதொழில் வரி 15.3 சதவீதம் உண்டு. ஏப்ரல் 15, ஜூன் 15, செப்டம்பர் 15, அடுத்த ஜனவரி 15 ஆகிய நான்கு தேதிகளில் முன்கூட்டிக் கட்டவேண்டும். தவணையின் அசலைச் செலவாகக் காட்டமுடியாது, வட்டியையும் தேய்மானத்தையும் காட்டலாம். வீட்டுக்கு வெளியே தங்கும் நாட்களுக்கு உணவுப்படியாக, 2024 அக்டோபர் முதல், நாளுக்கு 80 டாலர் கணக்கிட்டு, ஓட்டுநேர விதிக்கு உட்பட்டவர்கள் அதில் 80 சதவீதம் கழிக்கலாம். ஆண்டில் 250 முழுநாள் வெளியே இருந்தவருக்கு இது 16,000 டாலர் கழிவு. அதற்குச் சாட்சி உங்கள் ஓட்டப் பதிவேடு. வேன் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு வழியும் இருக்கிறது: ரசீதுகளைக் கூட்டுவதற்குப் பதில் மைல் கணக்கில் கழிப்பது. 2025க்கு மைலுக்கு 70 சென்ட். இதில் காலி மைலும் சேரும். வேனைத் தொழிலில் இறக்கிய முதல் ஆண்டிலேயே இந்த முறையை எடுத்திருக்கவேண்டும், இல்லாவிட்டால் அந்த வண்டிக்குப் பிறகு எடுக்கமுடியாது. ஆகவே கணக்காளரைப் பார்க்கவேண்டியது முதல் லோடுக்கு முன்பே.

வேன் ஓட்டுபவர்களிடம் ஒன்று வற்புறுத்திச் சொல்கிறேன். 10,001 பவுண்டுக்குக் கீழ்ப்பட்ட வண்டிக்கு மத்திய அரசின் ஓட்டுநேர விதி பொதுவாகப் பொருந்தாது. அதைக் காரணம் காட்டி 20 மணிநேரம் தொடர்ந்து ஓட்டச்சொல்லும் லோடுகள் உங்கள் திரைக்கு வரும். நல்ல கம்பெனிகள் தாமே வரம்பு வைத்திருக்கின்றன. வைக்காத கம்பெனியில் நீங்களே 11 மணிநேரத்தை வரம்பாக வைத்துக்கொள்ளுங்கள். முடியாத லோடை முடியாது என்று சொல்லுங்கள். எத்தனை லோடை ஏற்றீர்கள் என்ற சதவீதம் குறையும், ஓரிரு நாள் போன் அடிக்காது, அவ்வளவுதான். தூக்கத்தில் சாலையை விட்டு விலகிய வண்டிக்கு எந்தக் கட்டணமும் ஈடாகாது.

டொராண்டோ, ஸ்கார்பரோ, பிராம்டன் பக்கத்துத் தமிழர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. வின்ட்ஸர், டெட்ராய்ட் இடையிலான அம்பாசடர் பாலம் இந்தத் தொழிலின் கழுத்து நரம்பு. 2022 பிப்ரவரியில் அது சில நாள் மறிக்கப்பட்டபோது இரு கரையிலும் கார் ஆலைகள் தள்ளாடின. கனடாவில் குடியிருக்கும் ஓட்டுநர் கனடாவிலிருந்து அமெரிக்காவுக்குச் சரக்கு கொண்டுபோகலாம், அங்கிருந்து கனடாவுக்கு ஏற்றிவரலாம். அமெரிக்காவுக்குள் ஓரூரிலிருந்து இன்னோர் ஊருக்கு லோடு எடுக்க அமெரிக்காவில் வேலை செய்யும் உரிமை வேண்டும். மேலே சொன்ன அட்லாண்டா கணக்கு அந்த உரிமை இல்லாதவருக்குப் பொருந்தாது. கனடாவுக்குத் திரும்பும் லோடு கிடைக்காவிட்டால் முழுத் தூரமும் காலிதான். ஆகவே எல்லை கடக்கும் லோடுக்குக் கட்டணம் பேசும்போது போவதையும் திரும்புவதையும் சேர்த்தே பேசுங்கள். ஃபாஸ்ட் அட்டை எடுத்துவைத்தால் பாலத்தில் காத்திருக்கும் நேரம் குறையும்.

சொந்த அனுமதி எடுத்துத் தனிக் கம்பெனியாக ஓடலாமே என்று கேட்பவர்களுக்கு, முதல் இரண்டாண்டு வேண்டாம் என்பேன். 10,001 பவுண்டும் அதற்கு மேலும் உள்ள வண்டிக்குக் குறைந்தபட்சப் பொறுப்புக் காப்பீடு 7,50,000 டாலர், புதிய கம்பெனிக்கு அதன் பிரீமியமே முதுகை முறிக்கும். கம்பெனி ஒன்றுக்கு வண்டியை லீஸில் விட்டால் அந்தச் சுமை அவர்களுடையது.

அந்த லீஸ் ஒப்பந்தத்தைக் கையெழுத்துப் போடுமுன் வீட்டுக்கு எடுத்துவந்து படியுங்கள். மத்திய அரசின் லீஸ் விதிகள் உங்கள் பக்கம் இருக்கின்றன. ஒப்பந்தம் எழுத்தில் இருக்கவேண்டும். தேவையான சரக்குத் தாள்களைக் கொடுத்த 15 நாளுக்குள் பணம் தரவேண்டும். சதவீதக் கணக்கில் பணம் வாங்குகிறீர்கள் என்றால், வாடிக்கையாளரிடம் எவ்வளவு வசூலித்தார்கள் என்று காட்டும் பில்லின் நகல் உங்களுக்குக் கிடைக்கவேண்டும். அதைக் கேட்டு வாங்குங்கள், உங்களுக்கு 65 சதவீதம் என்று பேசியிருந்தால் அது எந்தத் தொகையில் 65 என்று அப்போதுதான் தெரியும். எந்தெந்தச் செலவை உங்கள் பணத்தில் பிடிப்பார்கள் என்பது பெயர்சொல்லி எழுதப்பட்டிருக்கவேண்டும். டயரோ, டீசலோ, காப்பீடோ அவர்களிடம்தான் வாங்கவேண்டும் என்று கட்டாயப்படுத்த முடியாது. முன்பணமாகப் பிடித்துவைக்கும் தொகைக்கு வட்டி உண்டு, நீங்கள் விலகிய 45 நாளுக்குள் கணக்கு முடித்துத் திருப்பவேண்டும். கடைசியாக, உங்கள் வகை வண்டியை ஏற்கெனவே அங்கே ஓட்டும் ஒருவருடைய மூன்று மாத வாரக்கணக்குத் தாள்களைக் காட்டச் சொல்லுங்கள், பெயரை மறைத்துக் காட்டினால் போதும். அதில் சரக்கு மைலும் காலி மைலும் தனித்தனியாக இருக்கும். இரண்டையும் கூட்டி, பிடித்தம் போகக் கையில் வந்த தொகையை அதனால் வகுத்துப் பாருங்கள். தாளைக் காட்ட மறுத்தால் அடுத்த கம்பெனிக்குப் போன் செய்யுங்கள்.